நடு அறை வாடை

வாடையை எண்ண முடியாது. அதன் மேல் எனக்கு ஏற்பட்ட முதல் கோபம் அதுதான். எலித் தொல்லை என்றால் இத்தனை எலி பிடித்தோம் என்று சொல்லலாம். கூரை ஒழுகினால் இத்தனை இடத்தில் பாத்திரம் வைத்தோம் என்று சொல்லலாம். வாடையை என்ன செய்வது? காலையில் இருந்தது மாலையிலும் இருந்தால் அது அதே வாடைதானா, புதிதாக வந்ததா? எங்கள் வீட்டு நடு அறையில் அது பதினொரு வருஷம் இருந்தது. நனைந்த சாக்கை மடித்து ஒரு மூலையில் போட்டு மறந்துவிட்டால் நாலாம் நாள் எப்படி இருக்குமோ அப்படி. மழைக்காலத்தில் அதோடு பழைய செம்பின் அடியில் நாள்பட்டுத் தங்கிய தண்ணீரின் வாடையும் சேரும்.

அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. எங்கள் சந்தில் மின்சாரக் கம்பத்துக்குக் குழி தோண்டிவிட்டு, கம்பம் வராமல், குழிகளில் மழைத்தண்ணீர் நின்றுகொண்டிருந்த வருஷம். மொத்தம் ஒன்பது குழி.

வீடு மாசி வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில். அப்பா காலத்து வீடு. வாசலில் ஆரம்பித்துக் கிணறு வரைக்கும் நீளமாகப் போகும்: முன்கூடம், முற்றம், நடு அறை, அடுப்படி, கொல்லை. அப்பா காலமான பிறகு அண்ணனும் நானும் அதை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். முற்றத்துத் தூண் எட்டு. அவருக்கு நாலு, எனக்கு நாலு. கதவு பதினாலு, ஏழும் ஏழும். ஊஞ்சல் ஒன்றுதான் இருந்தது. பலகை அவருக்கு, சங்கிலி நாலும் எனக்கு. நடு அறையின் ஜன்னல்கள் மேற்குச் சந்தைப் பார்த்தவை, அவை அண்ணன் பக்கம் போய்விட்டன. எனக்குக் கிழக்கே அடுத்த வீட்டுச் சுவர் என்பதால் ஜன்னலே கிடையாது. அதற்கு ஈடாக ஒரு மாடக்குழி அதிகம் கேட்டு வாங்கினேன். பழைய அடுப்படி முழுசும் என் பக்கம். அண்ணன் வேறு அடுப்படி கட்டிக்கொண்டார். கொல்லைக் கிணறு மட்டும் பொது. பாகப்பிரிவினைப் பத்திரத்தை நானே எழுதினேன். நாற்பத்திரண்டு இனம். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

நடுவில் சுவர் எழும்பியபோது, சுவரின் கனத்தில் பாதி அவர் மண்ணிலும் பாதி என் மண்ணிலும் வரவேண்டும் என்று நூல் பிடித்துப் பார்த்தேன். நாலு விரற்கடை என் பக்கம் அதிகமாக வந்திருந்தது. பிரித்துக் கட்டச் சொன்னேன். பஞ்சாயத்துக்கு வந்திருந்த பெரியவர்கள் ஐந்து பேர் முன்னால் அண்ணன் சொன்னார்:

"இவன் செத்தாக்கூட, தூக்கிட்டுப் போறவங்க நாலு பேருதானான்னு எந்திரிச்சு எண்ணிப் பாத்துட்டுத்தேன் படுப்பான்."

ஐந்து பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் அண்ணனோடு பேசவில்லை. அவரும் என்னோடு பேசவில்லை.

வாடை விஷயத்துக்கு வருகிறேன். மகளைப் பேரையூரில் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதம் வளைகாப்புப் போட்டு, அவளை மதுரைக்கு அழைத்துவர வேண்டும். பேரையூரில் பிரசவம் பார்க்க ஒரே ஒரு மருத்துவச்சி. கண் சரியாகத் தெரியாத கிழவி. மதுரையில் பெண் டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஜட்கா வண்டியில் கால்மணி நேரம். மகள் சிறு உடம்புக்காரி. என் மனைவிக்கு இதே கவலை. அவளுடைய தங்கை ஒருத்தி தலைப்பிரசவத்தில்தான் போனாள். மகளை எப்படியாவது மதுரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவள் ஆடி மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி நடுவில், வளைகாப்புக்கு வளையல் வாங்க சம்பந்தியம்மாள் மதுரைக்கு வந்தார். எங்கள் வீட்டில் இறங்கினார். பேரையூர்க் கரிசல் காட்டில் வருஷத்தில் பத்து மாதம் வெயில். அந்த ஊர்க்காரர்களுக்கு ஈரம் பழக்கமில்லை. அம்மாள் நடு அறை வாசற்படியைத் தாண்டவில்லை. முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"என்ன மதினி, உள்ள ஏதும் செத்துக் கெடக்கா?"

என் மனைவி சிரித்து மழுப்பினாள். "மழ பேஞ்சா அப்பிடித்தேன் மதினி. பழைய வீடு பாருங்க. சாம்பிராணி போட்டா சரியாப் போயிரும்."

"இங்கதேன் என் மருமகளப் படுக்க வைக்கப் போறீகளா?"

"வேற ரூமு ஏது மதினி? முன்கூடத்துல நாலு பேரு வந்து போவாக."

சம்பந்தியம்மாள் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. பச்சப் பிள்ளைக்கு நெஞ்சு கட்டிக்கிரும். வளகாப்புக்கு எல்லாரும் வாங்க. வயிறாரச் சாப்பிடுங்க. பிள்ளைய அங்கயே பெத்துக்கிரட்டும். எங்க வீட்டுல நாத்தம் கீத்தம் கெடையாது."

அவர் வண்டியேறிப் போனபின் என் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் பஞ்சாங்கத்தை எடுத்து எண்ணினேன். வளைகாப்புக்கு இன்னும் முப்பத்து மூன்று நாள்.

முதல் வேலையாக நடு அறையைக் காலி செய்தேன். பித்தளைப் பாத்திரம் பதினாறு, டிரங்குப் பெட்டி மூன்று, இலவம் பஞ்சு மெத்தை இரண்டு, நெல் மூட்டை நாலு, நான் சேர்த்து வைத்திருந்த பழைய பத்திரிகைக் கட்டு முப்பத்தொன்று. ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் வாடை இருந்தது. எதுவும் வாடைக்குக் காரணம் இல்லை. பத்திரிகைக் கட்டுகளை முன்கூடத்து மொட்டை மாடியில் காயப் போட்டேன். பதினைந்து நிமிஷத்தில் மழை வந்தது. முப்பத்தொன்றில் பத்தொன்பதுதான் தேறின.

அறை வெறுமையான பிறகு வாடை இன்னும் கூடிற்று. ஏறிப் படுக்க ஒரு சாமானும் இல்லாததால் அறை முழுக்கத் தானே படுத்துக்கொண்டதுபோல்.

செத்த எலியாக இருக்கும் என்று பரணைப் பிரித்தேன். எலி இல்லை. கூரையில் ஓடு மாற்றி அடுக்கினேன்; நாற்பது ஓடு உடைந்திருந்தது. மாற்றியும் வாடை இருந்தது. சுண்ணாம்பு இரண்டு கை அடித்தேன். மூன்று நாள் சுண்ணாம்பு வாசனை. நாலாம் நாள் சுண்ணாம்பையும் மீறிப் பழைய வாடை. சுவரின் அடியில், தரையிலிருந்து ஒன்றரை முழ உயரத்துக்கு, உப்புப் பூத்துச் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. நாலு மூலையிலும் கூடையில் அடுப்புக்கரி வைத்தேன். வேப்பிலை எரித்தேன். சாம்பிராணி போட்டேன். சாம்பிராணி போட்ட அறையில் யாரோ நனைந்த சாக்கோடு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

கடைசியில் என் வழியிலேயே அதைப் பிடிப்பது என்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். வாடையை எண்ண முடியாவிட்டாலும் மார்க்குப் போடலாம் அல்லவா? காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளை அறைக்குள் போய், கண்ணை மூடி, மூன்று முறை மூச்சிழுத்து, ஐந்துக்கு இத்தனை என்று எழுதினேன்.

என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"இன்னைக்கு எம்புட்டு?"

"மூணே கால்."

"பாசா, பெயிலா?"

நான் நோட்டை மூடினேன்.

"மக வயித்துப் பிள்ளையோட அங்க உக்காந்திருக்கா. இவரு நாத்தத்துக்குப் பரீட்ச வைக்கிறாரு."

ஆனால் நோட்டு பொய் சொல்லவில்லை. பத்தாம் நாள் புரட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. மழை எந்தக் கிழமை பெய்தாலும் சரி, இரண்டு சனிக்கிழமை காலையிலும் மட்டும் மார்க்கு நாலைத் தாண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். விடிந்ததும் வீடு முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவி, விளக்குமாற்றால் தள்ளி, கோலம் போட்டு, விளக்கேற்றுவது. அப்பா காலத்திலிருந்து ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. நடு அறையைக் கழுவிய தண்ணீரை அடுப்படிக்குத் தள்ளி, அடுப்படித் தண்ணீரோடு சேர்த்து, பாத்திரம் விளக்கும் அங்கணத்தில் விடுவோம்.

இதிலிருந்து யாருக்கும் தோன்ற வேண்டிய முடிவு ஒன்று உண்டு. எனக்கு அது தோன்றவில்லை. கழுவுவது போதவில்லை என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை கழுவி ஒரு வாரத்தில் சேருகிற அழுக்கு இப்படி நாறுகிறது என்றால், தினமும் கழுவ வேண்டும். அதுவும் மஞ்சளும் சீயக்காயும் போட்டு. மறுநாளிலிருந்து தினமும் காலையில் நானே கிணற்றில் இறைத்து ஊற்றினேன். ஒரு நாளைக்கு முப்பது வாளி. ஐந்து நாளில் நூற்றைம்பது வாளி. என் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் நான் போட்ட மார்க்கு ஐந்துக்கு ஐந்து.

நான் செய்த வேலைகளில் இத்தனை சிரத்தையோடு, இத்தனை சரியாகக் கணக்கு வைத்து, இத்தனை தப்பாகச் செய்தது வேறு எதுவும் இல்லை. நோட்டை முற்றத்தில் வீசியெறிந்தேன். பிறகு மழை நனைக்கும் முன் போய் எடுத்துக்கொண்டேன்.

அப்போது ஒன்பது நாள் பாக்கி இருந்தது. கோரிப்பாளையத்திலிருந்து ஒரு கொத்தனாரை அழைத்துவந்தேன். தர்கா பக்கத்தில் குடியிருப்பவர், எங்கள் தெருவில் எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் வெறுங்காலோடு மெல்ல நடந்தார். பிறகு கடப்பாறையைத் தலைகீழாகப் பிடித்து, தரையைச் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே வந்தார். டொக், டொக், டொக். அறையின் நடுவில் ஒரு கோடாக, அடுப்படிப் பக்கமிருந்து பாகச் சுவர் வரைக்கும், சத்தம் மாறியது. தொம், தொம்.

"ஐயா, கீழ எவனோ தவில் வாசிக்கிறான்" என்றார் பாய்.

இரண்டு தளக்கல்லைப் பெயர்த்தார். கீழே முழ அகலத்தில் கல் பதித்த ஒரு வாய்க்கால். அதில் விளிம்பு வரை கறுப்புத் தண்ணீர். அசையவில்லை. பெயர்த்த உடனே எழுந்த நாற்றத்தில் நான் முற்றத்துக்கு ஓடிவிட்டேன். பாய் மட்டும் தலைப்பாகைத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, கரண்டிக் காம்பை விட்டு ஆழம் பார்த்தார்.

எனக்கு எல்லாம் அப்போதுதான் நினைவு வந்தது. அப்பா காலத்தில் அங்கணத்துத் தண்ணீர் இந்தச் சலதாரை வழியாகத்தான் நடு அறைக்கு அடியில் ஓடி, மேற்குச் சந்துச் சாக்கடையில் விழும். பாகம் பிரித்தபோது சுவருக்கு அஸ்திவார வாணம் தோண்டி, கருங்கல்லை அடுக்கினோம். சலதாரை நடுவில் அடைபட்டது. அங்கணத்துக்குக் கொல்லைப் பக்கம் புதுச் சாக்கடை வெட்டி, பழைய வாயின் மேல் ஒரு பலகைக்கல்லைப் போட்டு மூடச் சொன்னேன். அதன் மேல் தண்ணீர்த் தொட்டியை வைத்தோம். மூடிய கல்லுக்கும் தரைக்கும் நடுவில் அரை விரல் இடைவெளி. பதினொரு வருஷம், வாரம் ஒரு வெள்ளி என்றால் ஐந்நூற்றெழுபது வெள்ளிக்கு மேல், கழுவிய தண்ணீரில் ஒரு பங்கு அந்த இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, போக வழியில்லாமல் அறைக்கடியில் நின்றது. பற்றாததற்கு நான் வேறு நூற்றைம்பது வாளி.

"மூடி மண்ணப் போட்டு அமுக்கிருவமா பாய்?"

"தண்ணியோட மூடினா சுவரு குடிக்கும் ஐயா. இப்பவே ஒன்றர மொழம் குடிச்சிருக்கு."

"எறைச்சுட்டு?"

இறைத்தோம். அறுபத்து மூன்று குடம். மறுநாள் காலையில் பாதிக்கு மேல் திரும்ப ஊறியிருந்தது. மழை விடவில்லை, ஊரெல்லாம் ஊற்று. பாய் பாகச் சுவரைக் கையால் தட்டினார்.

"வாட்டம் அங்கிட்டுல்ல இருக்கு. சுவருக்கு அடியில ஒரு கல்ல உருவுனா தன்னால ஓடிரும். தண்ணிக்கு பாகப்பிரிவினை தெரியாதுல்லய்யா."

"உருவ முடியாது."

"ஏன்?"

"அந்தப் பக்கம் எங்கண்ணன் வீடு."

"நல்லதாப் போச்சு. அண்ணன்தான? கேளுங்க."

பாய் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடப்பாறையைக் கீழே சாய்த்து வைத்தார். "அப்ப நான் நாளைக்கு வாரேன். இன்ஷா அல்லா, அதுக்குள்ள நீங்க யோசிங்க."

மூன்று நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அண்ணன் சொன்ன அந்த வாக்கியத்தை மூன்று நாளும் மனசில் ஓட்டிப் பார்த்தேன். அது கொஞ்சமும் மழுங்கவில்லை. நடு அறையில் திறந்து கிடந்த குழியிலிருந்து வாடை முன்கூடத்துக்கும் வந்தது. நாங்கள் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மூன்றாம் நாள் என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் நின்றாள்.

"அக்காட்டச் சொல்லிட்டேன்."

"எந்த அக்கா?"

"உங்க மதினிதேன். அவுக உங்க அண்ணன்ட்டச் சொல்லிட்டாக. நாளைக்குக் காலையில பாய வரச் சொல்லுங்க."

"நீ எப்பப் பேசுன?"

"கெணத்தடியில."

"எத்தன நாளாப் பேசுற?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எத்தன நாளாவா? எத்தன வருசமான்னு கேளுங்க. கெணறு பொதுன்னு நீங்கதான எழுதுனீக?"

பதினொரு வருஷம். இரண்டு வீட்டுப் பெண்களும் தினமும் இரண்டு வேளை கிணற்றடியில் பேசியிருக்கிறார்கள். மகளின் வளைகாப்பு நாள், சம்பந்தியம்மாள் சொன்னது, நான் மார்க்குப் போட்டது, எல்லாமே அந்தப் பக்கம் போயிருந்தது. கோபப்படக் காரணங்களை வரிசைப்படுத்தினேன். ஏழு கிடைத்தது. எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் சோற்றைச் சாப்பிட்டேன்.

மறுநாள் பாய் வந்து என் பக்கத்திலிருந்து தோண்டி வாணக்கல்லைக் கண்டுபிடித்தார். அந்தப் பக்கம் அண்ணன் தன் முற்றத்தில் வந்து நிற்பது செருமலில் தெரிந்தது. முற்றத்துக்கு மேலே வானம் என்பதால், சுவர் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தாலும் பேசுவது நன்றாகக் கேட்கும். நான் என் முற்றத்துக்கு வந்தேன். பாய் நடு அறை வாசலில் நின்றார்.

"பாய்" என்றார் அண்ணனின் குரல். "அங்க இருக்கவருட்ட ஒண்ணு கேளு. பத்திரத்துல இந்தச் சலதாரை எத்தனாவது இனமுன்னு."

பாய் என்னைப் பார்த்தார். "ஐயா, பெரியய்யா கேக்குறாரு..."

"கேட்டுச்சு. இல்லைன்னு சொல்லுங்க."

"இல்லையாமுங்க."

"இல்லையா? ஊஞ்சச் சங்கிலியெல்லாம் எண்ணி எழுதுன பத்திரமாச்சே. இம்புட்டுப் பெரிய சலதாரை எப்பிடி விட்டுப்போச்சாம்?"

"மண்ணுக்குள்ள இருந்துச்சுன்னு சொல்லுங்க பாய்."

"மண்ணுக்குள்ள இருந்துச்சாம்."

"அப்பா காலத்துல அங்கணத்துல தெனம் விட்ட தண்ணி எங்க போச்சுன்னு நெனச்சாராம்? மதுர மீனாட்சி குடிச்சாளாமா?"

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைப்பாகைத் துணியால் வாயை மறைத்துக்கொண்டார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் சிரித்தது ஐந்து பேர். இப்போது ஆறு.

"கல்ல உருவுனா அவரு வீட்டு அழுக்கெல்லாம் என் வீட்டு வழியாத்தேன போகும்? அதுக்கு என்ன சொல்றாராம்?"

"ஒரு தடவ வடிஞ்சதும் என் பக்கத்த அடைச்சு, மணல் போட்டு நெரப்பிருவேன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் சுவரைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் கொஞ்சம் தணிந்து வந்தது.

"வேணாமுன்னு சொல்லு. நெரப்புனா மறுபடி சுவருலதேன் ஏறும். இங்கயும் பதினோரு வருசமா உப்புப் பூக்குது. எங்கிட்டிருந்து வருதுன்னு தெரியாம மூணு தடவ சுண்ணாம்பு அடிச்சாச்சு. சலதாரை சலதாரையாவே இருக்கட்டும். பழையபடி ஓடட்டும். ஆனா பத்திரத்துல எழுதணும். அவரு கையாலயே எழுதணும். நாப்பத்தி மூணாவது இனம், சலதாரை பொது."

அவரும் மூன்று தடவை சுண்ணாம்பு அடித்திருக்கிறார். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் ஒரே தண்ணீருக்காக இரண்டு பேரும் அடித்திருக்கிறோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் வருஷமே தெரிந்திருக்கும். யார் கேட்டிருக்க வேண்டும் என்று யோசித்தேன். இளையவன் நான். அந்த யோசனையை அங்கேயே நிறுத்தினேன்.

"எழுதுறேன்னு சொல்லுங்க பாய்."

பாய் கல்லை உருவினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழியில் ஒரு கொப்புளம் வந்தது. பிறகு ஏப்பம் விடுவதுபோல் ஒரு சத்தம். தண்ணீர் மெல்ல அசைந்து, சுவருக்கடியில் நழுவி, அண்ணன் பக்கம் போய், மேற்குச் சந்தில் விழுந்தது. முழுசும் வடிய ஒரு மணியும் பத்து நிமிஷமும் ஆயிற்று. அடியில் ஒரு சாண் சேறு. அந்தச் சேற்றில் என் மகள் சின்ன வயசில் தொலைத்த பித்தளைச் சொப்பு ஒன்று இருந்தது. என் மனைவி அதை எடுத்துக் கழுவி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வளைகாப்புக்கு ஐந்து நாள் இருந்தது. வாய்க்காலைச் சுத்தம் செய்து, கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தெளித்துத் தளக்கல்லைத் திரும்பப் பதித்தோம். அறையில் இரண்டு கரியடுப்பு வைத்து இரவும் பகலும் கனலவிட்டேன். மார்க்கு நாலிலிருந்து மூன்றுக்கு வந்தது. மூன்றிலிருந்து இரண்டரைக்கு வந்தது. அங்கேயே நின்றது. சுவர் பதினொரு வருஷம் குடித்ததை ஐந்து நாளில் விட்டுவிடாது என்று பாய் சொன்னார். கோடை வரவேண்டும் என்றார். கார்த்திகை மாதத்தில் கோடைக்கு எங்கே போவது?

பேரையூருக்குப் போனோம். மகளுக்குக் கை நிறைய வளையல் அடுக்கினார்கள். வலக்கையில் பதினொன்று, இடக்கையில் பத்து. சாப்பாடு முடிந்ததும் சம்பந்தியம்மாள் எங்களிடம் வந்தார்.

"என்னண்ணே, வாட போயிருச்சா?"

என் மனைவி என் கையைக் கிள்ளினாள். எனக்குப் பொய் வராது. அதாவது, அளவில் பொய் வராது.

"தண்ணி போயிருச்சு. வாட பாதி போயிருச்சு. இன்னும் ரெண்டரை இருக்கு."

"ரெண்டரையா? என்னது ரெண்டரை?"

என் மனைவி குறுக்கே வந்தாள். "அது கெடக்கு மதினி. பிள்ளைய எங்க பக்கம் வைக்கல. அக்கா வீட்டுல வைக்கிறோம். அவுக நடு ரூமுல மூணு சன்னலு. சாயங்காலம் பூரா வெயில் விழும். அக்கா கட்டிலு போட்டு வச்சுட்டாக."

எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். சம்பந்தியம்மாளும் திகைத்தார்.

"அண்ணன் தம்பி பேச்சுவார்த்த இல்லைன்னீகளே?"

"ஆம்பளைகதேன் பேசிக்கிறதில்ல."

சம்பந்தியம்மாள் மருமகளைப் பார்த்தார். மகள், இருபத்தொரு வளையலும் குலுங்க, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாள் பெருமூச்சு விட்டார். "சரி, கூட்டிட்டுப் போங்க. பிள்ள இருமுச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

அன்றைக்கே அழைத்து வந்தோம். மகள் வாசலில் இறங்கி, நாங்கள் இருந்த வாசலைக் கடந்து பக்கத்து வாசலுக்குள் போனாள். நான் ஒரு மாதமாக இடுப்பொடிந்து, ஓடு மாற்றி, குழி தோண்டி, கரி எரித்துத் தயார் செய்த அறை காலியாக இருந்தது. அதில் கரியடுப்பு இரண்டும் நானும்தான்.

மார்கழியில், ஒரு மத்தியானம், மகளுக்கு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஜட்கா கூப்பிடப் போவதற்குள், பெண் டாக்டரையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார் அண்ணன். எனக்குச் சொல்லவில்லை. டாக்டர் வண்டி பக்கத்து வாசலில் நிற்பதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். நான் அந்த வாசற்படி வரை போனேன், மூன்று படி. இரண்டு ஏறினேன். உள்ளே அண்ணன் குரல் கேட்டது. இறங்கி வந்துவிட்டேன். என் நடு அறைக்கு வந்து, ஒரு தளக்கல்லைக் கடப்பாறையால் நெம்பித் தள்ளிவிட்டு, வாய்க்கால் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். சுவருக்கு அடியில் உருவின கல்லின் இடம் திறந்திருந்தது. அந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் அதன் வழியாக வந்தது: பெண்கள் நடப்பது, வெந்நீர் ஊற்றுவது, மகள் அம்மா என்பது. ஈர வாடையும் வந்தது. அன்றைக்கு நான் மார்க்குப் போடவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். நான் கடிகாரம் பார்க்கவில்லை. குழந்தை அழுத சத்தம், வாய்க்காலில் பட்டு, குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. பிறகு யாரோ அந்தப் பக்கம் சுவர் ஓரத்தில் கஷ்டப்பட்டு உட்காருவது கேட்டது. முட்டி சொடுக்கிற்று. அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது.

"டேய்" என்றார், தரையோடு குனிந்து. "இருக்கியா?"

"ம்."

"பொம்பளப் பிள்ள. ரெண்டும் நல்லா இருக்கு."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டது, "கை கால் வெரலெல்லாம்?"

"இருவதும் இருக்குடா" என்றார் அண்ணன். "எண்ணிட்டேன்."

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. மகள் பங்குனி முதல் வாரத்தில் குழந்தையோடு பேரையூர் போனாள். என் நடு அறை பங்குனி கடைசி வாரத்தில் காய்ந்தது. மார்க்கு அரை. அந்த அறையில் குழந்தை ஒரு ராத்திரிகூடத் தூங்கவில்லை. அடுத்த ஐப்பசியில் வாடை ஒன்றேகாலுக்கு ஏறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் ஏறுகிறது, தையில் இறங்குகிறது. சுவர் ஒருமுறை குடித்துப் பழகிவிட்டால் மழை வரும்போதெல்லாம் கேட்கும் என்று பாய் சொன்னார். ஜன்னல் இல்லாத அறைக்கு இதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. மாடக்குழிக்குப் பதில் ஒரு ஜன்னல் கேட்டிருக்கலாம்.

நாற்பத்து மூன்றாவது இனத்தை எழுதினேன். அண்ணன் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார் என்று என் மனைவி சொன்னாள். அவரும் நானும் அதற்குப் பிறகும் உட்கார்ந்து பேசியதில்லை. ஆனால் எங்கள் கழுவின தண்ணீர் அவர் வீட்டுக்கு அடியில் போவதால், விடும் முன்னால் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அந்த நேரத்தில் அவர்கள் அந்தப் பக்கத்துச் சலதாரை மூடியைத் திறந்து வைக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் நான் முற்றத்தில் நின்று கூப்பிடுவேன்.

"அண்ணே, தண்ணி விடுறோம்."

"விடு."

வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு தடவை. அவர் இருந்தவரைக்கும் ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. சில வெள்ளிகளில், கழுவ வேண்டியதே இல்லாத அளவுக்கு வீடு சுத்தமாக இருக்கும். அப்போதும் ஒரு வாளியாவது ஊற்றுவேன்.